ஆறுதல் சொல்வது வேறு, ஆற வைப்பது வேறு

விபத்து நடந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் நான் உளவியல் சிகிச்சையாளர் ஒருவரைப் பார்க்கப் போனேன். அந்த இரண்டு ஆண்டுகளில் எனக்கு ஆறுதல் சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. "உயிர் பிழைத்ததே பெரிது", "அதையே நினைத்துக்கொண்டு இருக்காதே", "காலம் போகப் போகச் சரியாகிவிடும்" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். காலம் போகத்தான் செய்தது. நான் காரின் முன்னிருக்கையில் உட்காருவதை நிறுத்தினேன். பிறகு விபத்து நடந்த சந்திப்பு இருக்கும் சாலையைத் தவிர்த்துச் சுற்றிப் போகத் தொடங்கினேன். அதன் பிறகு மழை பெய்தால் எந்த வண்டியிலும் ஏறுவதில்லை என்று ஆனது. சிகிச்சையாளரும் ஆறுதல்தான் சொல்லப்போகிறார், படித்தவர் என்பதால் கொஞ்சம் திறமையாகச் சொல்வார் என்ற எண்ணத்தோடுதான் போனேன். ஏழு மாதங்களில் அவர் ஒருமுறைகூட "கவலைப்படாதீர்கள்" என்று சொல்லவில்லை. அப்படியானால் அவர் என்னதான் செய்தார் என்பதை, இடையில் நானே படித்துத் தெரிந்துகொண்டவற்றோடு சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

விபத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நண்பன் ஓட்டினான், நான் பக்கத்தில் இருந்தேன், மழை பெய்துகொண்டிருந்தது, சந்திப்பில் பக்கவாட்டில் வந்த லாரி மோதியது. அவனுக்குக் கால் எலும்பு முறிந்தது. எனக்கு நெற்றியில் ஆறு தையல். தையல் போட்ட இடம் சில வாரங்களில் ஆறிவிட்டது. ஆறாமல் நின்றது ஒரு சத்தம்: லாரி நிற்கும்போது ஏர் பிரேக்கிலிருந்து 'புஸ்' என்று காற்று வெளியேறும் சத்தம். எந்தத் தெருவில், எந்த நேரத்தில் அதைக் கேட்டாலும் உள்ளங்கை வேர்த்து, கழுத்து இறுகி, அடுத்த நொடியே கண்ணாடி உடையப்போகிறது என்று உடம்பு காத்திருக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள்; எனக்குப் பேருந்து வந்து நிற்கும் இடமெல்லாம் பேயாக இருந்தது.

இதற்குப் பெயர் உண்டு என்பதே எனக்குப் பாதி நிம்மதியைத் தந்தது. அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு, சுருக்கமாக பி.டி.எஸ்.டி. என்பது 1980ஆம் ஆண்டில்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இடம்பெற்றது. அதற்கு முன்னும் மனிதர்களுக்கு இந்தத் துன்பம் இருந்தது, வேறு வேறு பெயர்களில், பெரும்பாலும் கோழைத்தனம் என்ற பெயரில். ஆபத்து வரும்போது உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிறது என்பதை வால்டர் கேனன் என்ற உடலியலாளர் 1915இலேயே விளக்கினார். மூளையின் அமிக்டலா என்ற பகுதிக்கு அந்த எச்சரிக்கையில் பெரும்பங்கு உண்டு. எச்சரிக்கை மணி அடிப்பது குற்றமில்லை, ஆபத்து போன பிறகும் அடித்துக்கொண்டே இருப்பதுதான் நோய். ஆன்கே ஏலர்ஸ், டேவிட் கிளார்க் என்ற இரு ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் முன்வைத்த விளக்கம் எனக்கு மிகவும் பொருந்தியது. சாதாரண நினைவு 'அன்று நடந்தது' என்ற முத்திரையோடு வருகிறது; உளக்காயத்தின் நினைவோ அந்த முத்திரை இல்லாமல், இப்போது நடப்பதுபோல வருகிறது. என் சிகிச்சையாளர் இதையே இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: "உங்கள் நினைவுக்கு இன்னும் தேதி போடவில்லை."

இவரிடம் வருவதற்கு முன் வேறோர் ஆலோசகரிடம் ஒரே ஒருமுறை போயிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உட்கார்ந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, "எல்லாவற்றையும் மனம்விட்டுச் சொல்லிவிடுங்கள், பாரம் இறங்கிவிடும்" என்றார். சொன்னேன். பாரம் இறங்கவில்லை; அதன் பின் நான்கு இரவுகள் தூங்கவில்லை, அந்தப் பக்கமே திரும்பிப் போகவும் இல்லை. கொட்டித் தீர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை நம் எல்லோருக்கும் இருக்கிறது, ஆனால் ஆராய்ச்சி அதற்குத் துணை நிற்கவில்லை. பேரிடர்களுக்குப் பிறகு பாதிக்கப்பட்டவர்களை உட்கார வைத்து ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் சொல்ல வைக்கும் முறை ஒருகாலத்தில் பரவலாக இருந்தது. அதனால் பயனில்லை, சிலருக்குக் கெடுதலாகவும் முடியலாம் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும், நடந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்றே அறிவுறுத்துகிறது.

இரண்டாமவர் எங்கே உட்கார விரும்புகிறீர்கள் என்று கேட்டதிலிருந்து தொடங்கினார். அறையில் மூன்று நாற்காலிகள் இருந்தன. கதவைப் பார்த்தபடி இருந்ததை எடுத்துக்கொண்டேன், அவர் அதைக் கவனித்தார், ஒன்றும் சொல்லவில்லை. நான் சொல்வது வெளியே போகாது என்றும், என் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் அந்த வாக்குக்கு விலக்கு உண்டு என்றும் முதலிலேயே விளக்கினார். தூக்கம், குடிப்பழக்கம், வாழவே வேண்டாம் என்று தோன்றியதுண்டா என்பதையெல்லாம் சுற்றிவளைக்காமல் கேட்டார். முதல் மூன்று அமர்வுகளில் விபத்தைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. ஜூடித் ஹெர்மன் என்ற மனநல மருத்துவர் 1992இல் உளக்காயத்திலிருந்து மீளும் பாதையை மூன்று கட்டங்களாக வகுத்தார்: முதலில் பாதுகாப்பு, பிறகு நினைவுகூர்தலும் துக்கம் காத்தலும், அதன் பிறகு மனிதர்களோடும் வாழ்க்கையோடும் மறுபடி இணைதல். எல்லோருக்கும் முதற்கட்டம் நீளமாக இருக்க வேண்டும் என்பதில்லை, நேரடியாக நினைவுக்குள் இறங்கலாம் என்று வாதிடும் சிகிச்சையாளர்களும் உண்டு. முந்தைய அனுபவத்தைக் கேட்ட பிறகு என் விஷயத்தில் அவர் மெதுவாகப் போவது என்று முடிவெடுத்தார். அது சரியான முடிவு என்பது என் கருத்து.

அந்த மூன்று அமர்வுகளில் கற்றுக்கொண்டவை பார்வைக்கு மிகச் சிறியவை. பாதங்களைத் தரையில் அழுத்தி அதன் குளிர்ச்சியை உணர்வது. கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருள்களை, காதில் விழும் மூன்று ஓசைகளை மனத்துக்குள் பெயர் சொல்லிக் குறிப்பது. மூச்சை இழுப்பதைவிட விடுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்வது. இவ்வளவு படித்தவர் இதையா சொல்லித் தருகிறார் என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்கூட வந்தது. மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறைகிறது, அதனால் நீண்ட வெளிமூச்சு உடம்புக்கு அமைதியின் செய்தியைக் கொண்டுபோகிறது என்று அவர் காரணம் சொன்ன பிறகுதான் ஒழுங்காகச் செய்தேன். கூடவே ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார்: இது பயத்தை விரட்டும் மந்திரம் அல்ல, பயம் இருக்கும்போது அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க உதவும் பிடிமானம் மட்டுமே.

நான்காவது அமர்வில் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, விபத்துக்குப் பிறகு நான் செய்யாமல் விட்டவற்றை எழுதச் சொன்னார். ஏழெட்டு இருக்கும் என்று நினைத்துத் தொடங்கினேன். இருபத்தேழு வந்தது. முன்னிருக்கை, மழை, அந்தச் சாலை என்பவற்றோடு நண்பனின் வீட்டுக்குப் போவதும், கண்ணாடிக் கோப்பை கீழே விழும் காட்சி வரும் படங்களைப் பார்ப்பதும்கூட அதில் இருந்தன. அந்தப் பட்டியலைப் பார்த்தபோதுதான் என் வாழ்க்கை எந்த அளவுக்குச் சுருங்கியிருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. அவர் தாளின் மறுபக்கத்தில் ஒரு கோடு வரைந்தார்: பயம் ஏறுகிறது, நான் தப்பிக்கிறேன், பயம் சட்டென்று இறங்குகிறது. அந்த இறக்கம் தரும் நிம்மதிதான் சிக்கல் என்றார். ஓ. ஹோபார்ட் மௌரர் என்ற உளவியலாளர் 1947இலேயே இதைச் சொல்லியிருக்கிறார்: பயம் ஒரு நிகழ்வால் ஒட்டிக்கொள்கிறது, ஆனால் அதை ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருப்பது தவிர்த்தல் தரும் நிம்மதியே. ஒவ்வொரு முறை சுற்றிப் போகும்போதும் என் மூளை 'நல்ல வேளை, சுற்றி வந்ததால் பிழைத்தோம்' என்று தவறான பாடத்தைக் கற்றுக்கொண்டது.

நினைவுகளைத் தவிர்ப்பதும் அப்படித்தான். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று வைத்தியர் சொன்ன கதை நமக்குத் தெரியும். டேனியல் வெக்னர் 1987இல் அதே கதையைக் குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடியை வைத்து ஆய்வுக்கூடத்தில் நடத்திக் காட்டினார்: கரடியை நினைக்காதே என்று சொல்லப்பட்டவர்களால் அதை முழுதாக விலக்க முடியவில்லை, பிறகு நினைக்கலாம் என்று அனுமதித்தபோது மற்றவர்களைவிட அதிகமாக நினைத்தார்கள். "அதையே நினைத்துக்கொண்டு இருக்காதே" என்ற அறிவுரை ஏன் வேலை செய்யவில்லை என்று எனக்கு அன்று புரிந்தது.

பதற்றத்தின் இன்னொரு முகமும் எனக்கு இருந்தது. சில இரவுகளில் காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்கும். மாரடைப்பு என்று நினைத்து இருமுறை ஈசிஜி எடுத்தேன், இரண்டும் நன்றாக இருந்தன. உடம்பில் எழும் சாதாரண மாற்றத்தை உயிருக்கு ஆபத்து என்று படித்துவிடுவதால் பயம் கூடுகிறது, பயத்தால் படபடப்பு கூடுகிறது, அந்தப் படபடப்பு மறுபடி பயத்தைக் கூட்டுகிறது என்பது டேவிட் கிளார்க் 1986இல் தந்த விளக்கம். சிகிச்சையாளர் இதை வாயால் விளக்கியதோடு நிற்கவில்லை. என் உடல்நலத்தில் தடை ஏதும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, மெல்லிய உறிஞ்சுகுழல் வழியாக ஒரு நிமிடம் மூச்சுவிடச் செய்தார். தலை சுற்றியது, நெஞ்சு அடித்தது, எனக்குப் பழக்கமான அத்தனையும் வந்தன, ஒன்றரை நிமிடத்தில் தாமாகவே போயின. இருவரும் சிரித்துவிட்டோம். பயப்படும் பொருளை ஒருவர் விருப்பத்தோடு வரவழைக்கலாம் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

அதன் பிறகு படிக்கட்டு தொடங்கியது. ஜோசப் வோல்பே என்ற மனநல மருத்துவர் வகுத்த ஓர் அளவுகோல் உண்டு: பதற்றமே இல்லை என்றால் 0, தாங்க முடியாத உச்சம் என்றால் 100. இருபத்தேழு தவிர்ப்புகளுக்கும் எண் போட்டு வரிசைப்படுத்தினோம். நின்றிருக்கும் காரின் முன்னிருக்கை 35, மழையில் அந்தச் சந்திப்பு 95. முதற்படியாக எஞ்சின் அணைந்த காரில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். எண் 35இல் தொடங்கி, நான் நினைத்ததற்கு மாறாக 60க்கு ஏறி, பிறகு 20க்கு இறங்கியது. ஒவ்வொரு படிக்கும் முன்னால் "என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?" என்று எழுதச் சொல்வார், முடிந்த பிறகு "என்ன நடந்தது?" என்று கேட்பார். பழைய பயம் அழிந்துபோவதில்லை, அதன் பக்கத்தில் ஒரு புதிய பாடம் சேர்கிறது, எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு பெரிதோ அந்த அளவுக்குப் பாடம் பதிகிறது என்பது மிஷெல் கிராஸ்க் போன்ற ஆய்வாளர்களின் கருத்து. அதனால்தான் சில சமயம் பயம் திரும்பி எட்டிப் பார்க்கும் என்று அவர் முன்கூட்டியே சொல்லி வைத்தார். சொல்லாமல் இருந்திருந்தால் முதல் பின்னடைவிலேயே விட்டுவிட்டு ஓடியிருப்பேன்.

எல்லாவற்றிலும் கடினமானது விபத்தை வாய்விட்டுச் சொல்வது. முன்பு செய்ததும் இதுவும் ஒன்றுதானே என்று தோன்றலாம், ஒன்றில்லை. கண்ணை மூடிக்கொண்டு, 'மழை பெய்கிறது, அவன் கியரை மாற்றுகிறான்' என்று நிகழ்காலத்திலேயே, தொடக்கம் முதல் முடிவுவரை சொல்ல வேண்டும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. நடுநடுவே எண் என்ன என்று மட்டும் கேட்பார். அதைப் பதிவுசெய்து வீட்டில் தினமும் கேட்க வேண்டும். எட்னா ஃபோவா உருவாக்கிய இந்த நீடித்த வெளிப்பாட்டு முறையில் ஓர் அமர்வு ஏறத்தாழ 90 நிமிடம், வழக்கமாக 8 முதல் 15 அமர்வுகள். முதல் நாள் என் குரல் இரண்டு இடங்களில் நின்றுவிட்டது. அவர் "அங்கே யாராவது இருந்தார்களா?", "அப்போது கோபம் வந்ததா?" என்பதுபோல எதையும் எடுத்துக்கொடுக்கவில்லை, "அடுத்து என்ன?" என்பதைத் தாண்டி ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. கேள்வியின் சாயல் நினைவுக்குள் கலந்துவிடும் என்பதை எலிசபெத் லாஃப்டஸின் ஆய்வுகள் 1970களிலிருந்தே காட்டிவருகின்றன, எனவே நல்ல சிகிச்சையாளர் இந்த இடத்தில் மிகுந்த கவனத்தோடு நடந்துகொள்வார். வீட்டில் ஒன்பதாவது முறையோ பத்தாவது முறையோ பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, மேசை மேல் கிடந்த மின்கட்டண ரசீதில் தேதியைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். எனக்கு அலுப்புத் தட்டியிருந்தது. அதை வெட்கத்தோடு அடுத்த அமர்வில் சொன்னபோது அவர் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

பயம் குறைந்த பிறகு அடியில் கிடந்தது மேலே வந்தது. அன்று மாலை நண்பன் கிளம்பலாம் என்றபோது, இன்னும் ஐந்து நிமிடம் இரு என்று சொன்னவன் நான். அந்த ஐந்து நிமிடம் இல்லையென்றால் லாரி எங்களைத் தாண்டிப் போயிருக்கும். யாரிடமும் சொல்லாத இந்தக் கணக்கை அவரிடம் சொன்னேன். "உங்கள் தவறு இல்லை" என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள், நான் நம்பியிருக்க மாட்டேன்.

"ஐந்து நிமிடம் இரு என்று சொன்னபோது உங்களுக்குத் தெரிந்திருந்தது என்னென்ன?" என்று கேட்டார்.

"மழை பெய்கிறது என்று தெரியும். சார்ஜரைக் காணோம், தேட வேண்டும் என்று தெரியும்."

"லாரி?"

"அது எப்படித் தெரியும்?"

அவர் பேசாமல் இருந்தார். நானும் வெகுநேரம் பேசவில்லை. பாட்ரிசியா ரெசிக் உருவாக்கிய, பெரும்பாலும் 12 அமர்வுகளில் நடத்தப்படும் சிகிச்சைமுறை இதையே மையமாகக் கொண்டது: நடந்ததைப் பற்றி மனம் எழுதிக்கொண்ட தீர்ப்பில் எங்கே சிக்கி நிற்கிறோம் என்று கண்டுபிடித்து, அந்தத் தீர்ப்புக்கு ஆதாரம் கேட்பது. முடிவு தெரிந்த பிறகு தொடக்கத்தைக் குற்றம் சாட்டுவது மனித மனத்தின் பொதுக் குணம். ஆனால் அதை அவர் சொல்லியிருந்தால் அது ஆறுதலாகப் போயிருக்கும். என் வாயாலேயே வந்ததால் அது எனக்குத் தெரிந்த உண்மையாகிவிட்டது.

இது ஒன்றே வழி என்று சொல்ல வரவில்லை. ஃபிரான்சின் ஷபீரோ 1987இல் தொடங்கிய இ.எம்.டி.ஆர். என்ற முறையில் நினைவை மனத்தில் நிறுத்தியபடி சிகிச்சையாளரின் விரலசைவைக் கண்ணால் தொடர வேண்டும். அந்தக் கண்ணசைவுக்குத் தனிப் பங்கு உண்டா என்ற விவாதம் தீரவில்லை என்றாலும், 2013இல் உலக சுகாதார நிறுவனம், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையோடு இதையும் பரிந்துரைத்தது. மருந்து தேவைப்படுவோருக்கு மனநல மருத்துவர் தருவார், அதில் குறைவு எதுவும் இல்லை. குழந்தைப் பருவத்திலிருந்து ஆண்டுக்கணக்கில் வதைபட்டவர்களின் நிலை என்னுடையதைப் போன்றதல்ல. 2022இல் நடைமுறைக்கு வந்த, ஐ.சி.டி.-11 என்ற உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் அதைத் தனிக் கோளாறாகவே வகைப்படுத்துகிறது, அங்கே நம்பிக்கை என்பதையே முதலிலிருந்து கட்ட வேண்டியிருக்கும்.

என்னிடமும் அந்த நம்பிக்கை ஒருமுறை ஆட்டம் கண்டது. படிக்கட்டில் இரண்டு படிகளை ஒரே வாரத்தில் கொடுத்துவிட்டார். நான் கோபத்தில் அடுத்த அமர்வுக்குப் போகவில்லை. அதற்கடுத்த வாரம் காரணத்தைச் சொன்னபோது, "நான்தான் அவசரப்பட்டேன், மன்னியுங்கள், இனி வேகத்தை நீங்கள் சொல்லுங்கள்" என்றார். எட்வர்ட் போர்டின் 1979இல் சிகிச்சை உறவின் மூன்று இழைகளாக நோக்கத்தில் உடன்பாடு, செய்யும் வேலையில் உடன்பாடு, பரஸ்பரப் பிணைப்பு என்று குறிப்பிட்டார். எங்களுக்குள் இரண்டாவது இழை அறுந்து, முடிச்சுப் போடப்பட்ட நாள் அது. பெரியவர் ஒருவர் என்னிடம் தவறை ஒப்புக்கொண்டு பேசுவது எனக்குப் பழக்கமில்லாத ஒன்று என்பதால், சிகிச்சையில் அது தனி மருந்தாகவே வேலை செய்தது.

கடைசிப் படியை நண்பனோடு ஏறினேன். அவன் ஓட்டினான், மழைத் தூறல் இருந்தது, நான் முன்னிருக்கையில் இருந்தேன். சந்திப்புக்கு முன்னால், "சுற்றிப் போகட்டுமா?" என்று கேட்டான். நேராகவே போகச் சொன்னேன். பக்கத்தில் ஒரு லாரி 'புஸ்' என்று நின்றது. எண் 70க்குப் போனது, அடுத்த சிக்னலுக்குள் 40 ஆனது. வெற்றிச் செய்தியாக இதைச் சிகிச்சையாளரிடம் சொன்னபோது, "கை எங்கே இருந்தது?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால், கதவுக்கு மேலே இருக்கும் பிடியை வழி முழுக்க இறுகப் பற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். பிழைத்ததற்குக் காரணம் அந்தப் பிடிதான் என்று மூளை எழுதிக்கொள்ளும், அடுத்த முறை கை மடியில் இருக்கட்டும் என்றார். சென்ற வாரம் மறுபடி போனோம். கை மடியில்தான் இருந்தது. வலது கால் மட்டும், என் பக்கத்தில் இல்லாத பிரேக்கை இருமுறை அழுத்தியது. நண்பன் அதைப் பார்த்துவிட்டு, தன் காலும் தேவைக்கு முன்பே பிரேக்குக்குப் போய்விடுவதாகச் சொன்னான்.